குப்பிக்குள் ஒரு நாவல்



வடநாட்டுக் கோடையில் ஊறுகாய் கெடாமல் காப்பது எப்படி என்பதைச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர், “நாவிற்கு இத்தனை உபசாரம் செய்கிறீர்களே, அதற்கு மேல் வீட்டில் குடியிருக்கும் மூக்கு என்ன பாவம் செய்தது?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வி நியாயமானதே. ஆகையால் இம்மாதம் மூக்கின் முறை. அதற்கேற்றாற்போல் ஒரு நிகழ்ச்சியும் நம் கண்முன்னே நடந்தது.

தலைநகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கும் நண்பர் ஒருவர் இல்லத்திற்குக் குளிர்காலத்து ஞாயிறு மாலை ஒன்றில் சென்றிருந்தோம். மும்பையில் பணிபுரியும் அவருடைய மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். சிற்றுண்டியும் காப்பியும் முடிந்த பின்னர், அவள் தன் கைப்பையிலிருந்து சுண்டுவிரல் அளவே உள்ள கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தாள். அதிலிருந்து ஒரு துளியைத் தன் அன்னையின் மணிக்கட்டிலும், இன்னொரு துளியை அவர் போர்த்தியிருந்த சால்வையின் ஓரத்திலும் தடவினாள். அம்மையார் முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

“என்னடி இது? கிராம்பையும் ஏதோ பழத்தையும் சேர்த்து அரைத்த மாதிரி இருக்கிறது. இதற்கா இத்தனை காசு?”

பெண்ணின் முகம் வாடிவிட்டது. அம்மையாருக்கு அறுபதாம் ஆண்டு நிறைவு நெருங்குகிறது. அதற்காகவே அவள் மாதந்தோறும் சிறிது பணம் ஒதுக்கி வருகிறாள் என்பதும், பெரிய குப்பியின் விலை பல ஆயிரம் ரூபாய் என்பதும், வாங்குமுன் அன்னைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கவே இந்த மாதிரிக் குப்பியை வருவித்தாள் என்பதும் பின்னரே நமக்குத் தெரிந்தன. நண்பரோ, “கனௌஜ் அத்தர் இருக்கும்போது பாரிஸ் சென்ட் எதற்கு?” என்று தம் பங்கிற்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

அப்போது அந்தப் பெண் கூறிய விடைதான் இக்கட்டுரைக்கு வித்து.

“இது ஒரு நாவல், அம்மா. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே புத்தகத்தை மூடிவிடுகிறாயே! காலைவரையில் பொறுத்துத்தான் பாரேன்.”

நாவலா என்று நாமும் வியந்தோம். விசாரித்ததில் தெரிந்தவற்றையும், பின்னர் நாமே தேடிக் கற்றவற்றையும் இங்கே தருகிறோம்.

2000-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிரெடரிக் மால் என்பவர் வாசனைத் தொழிலில் புதுவழி ஒன்றைத் தொடங்கினார். ஊரெங்கும் விளம்பரம் செய்து இலட்சக் கணக்கில் விற்கும் சென்ட்டுகளை விட்டு, இரசனையுள்ள சிலருக்கென்றே நிதானமாகச் செய்யப்படும் வாசனைகளை வெளியிடுவது அவர் நோக்கம். தம் நிறுவனத்திற்கு அவர் வைத்த பெயரே ‘வாசனைப் பதிப்பகம்’ என்று பொருள்படுவது. அதுவரையில் ஒரு வாசனையை ஆக்கியவர் யார் என்பது வாங்குவோருக்குப் பெரும்பாலும் தெரியாது. குப்பியின்மேல் கடையின் பெயரே இருக்கும். மால் அவர்களோ, நூலின் மேலட்டையில் ஆசிரியர் பெயரைப் பொறிப்பதுபோல, வாசனையை ஆக்கிய கலைஞரின் பெயரைக் குப்பியின்மேல் பொறித்தார். இப்பதிப்பகம் 2010-இல் வெளியிட்டதே நம் நண்பர் மகளின் கையில் இருந்தது. ஆக்கியவர் தொமினிக் ரோப்பியோன். பெயர் ‘போர்ட்ரெயிட் ஆஃப் எ லேடி’. ஹென்றி ஜேம்ஸ் எழுதி 1881-இல் நூலாக வெளிவந்த புகழ்பெற்ற நாவலின் பெயர் அது.

அந்நாவலின் கதையை அறியாத அன்பர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுகிறோம். இசபெல் ஆர்ச்சர் என்ற அமெரிக்க நங்கை, தன் தாயின் சகோதரி ஒருத்தியின் துணையுடன் இங்கிலாந்துக்கு வருகிறாள். அறிவும் துணிவும் நிறைந்தவள். தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவள் உறுதி. பிரபு ஒருவர் மணம்பேச, மறுக்கிறாள். தன் நாட்டுச் செல்வர் ஒருவர் தொடர்ந்து வந்து வேண்ட, அவரையும் மறுக்கிறாள். அச்சகோதரியின் மகன் ரால்ப் நோயாளி; அவள் சுதந்திரமாக வாழட்டும் என்ற அன்பினால், தன் தந்தையின் சொத்தில் பெரும்பங்கு அவளைச் சேருமாறு செய்கிறான். அந்தச் செல்வமே அவளுக்குப் பொறியாகிறது. இத்தாலியில் ஆஸ்மண்ட் என்பவனை நல்லவன் என நம்பி மணக்கிறாள். அத்திருமணம் வேறொருத்தி விரித்த வலை என்பது பின்னரே தெரிகிறது. ஓர் இரவு கணப்படுப்பின் முன்னே நெடுநேரம் தனியே அமர்ந்து, தான் எங்கே தவறினோம் என்று அவள் எண்ணிப் பார்க்கும் பகுதியே நூலில் மிகச் சிறந்தது என ஆசிரியரே பின்னாளில் கூறியிருக்கிறார். இறுதியில் ரால்ப் சாகக் கிடக்கிறான் என்ற செய்தி வருகிறது. கணவன் தடுக்கிறான். தடையை மீறி இங்கிலாந்து சென்று, அவன் உயிர் பிரியுமுன் அருகிலிருந்து பேசுகிறாள். அதன் பின்னர் மறுபடியும் ரோமாபுரிக்கே திரும்புகிறாள். ஏன் திரும்பினாள் என்பதை ஆசிரியர் விளக்கவில்லை. நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தும் வாசகர்கள் அதைப் பற்றி வழக்காடிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தக் கதையின் நிகழ்ச்சிகளை அந்தக் குப்பி வரிசையாகச் சொல்கிறது என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் நாவலுக்கும் நல்ல வாசனைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஓவியத்தை ஒரே பார்வையில் கண்டுவிடலாம். நாவலை அப்படிக் காண முடியாது. அது காலத்தில் விரிவது. வாசனையும் அத்தகையதே.

அதன் காரணம் எளிது. ஒரு வாசனைத் திரவியத்தில் பல பொருள்கள் கலந்துள்ளன. அவையனைத்தும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. முதலில் பறப்பது சாராயம். அதனுடன் எலுமிச்சை, நாரத்தை இனத்து மணங்களும், இலேசான பழ மணங்களும் கிளம்பிச் சில நிமிடங்களில் மறைகின்றன. இதனைத் தொழிலாளர் தலைமணம் என்பர். அடுத்து ரோஜா, மல்லிகை முதலிய மலர்களும் சில நறுஞ்சரக்குகளும் எழுந்து சில மணி நேரம் நிற்கின்றன, இது நடுமணம். கடைசியில் எஞ்சுவது அடிமணம். சந்தனம், பிசின்கள், கஸ்தூரி போன்றவை கனமான அணுத்திரள்களால் ஆனவை. மெல்ல மெல்லவே ஆவியாகும். துணியில் பட்டால் நாட்கணக்கில் தங்கும்.

இக்குறிப்பிட்ட வாசனையில் முதலில் எழுவன கிராம்பும், ராஸ்பெரி முதலிய சிறு பழங்களும். அம்மையார் முகம் சுளித்தது இவற்றைக் கண்டே. அவர் மூக்கு தவறு செய்யவில்லை. பிறகு துருக்கி நாட்டு ரோஜா மிகுந்த அளவில் எழுகிறது. அந்த ரோஜாவுக்குக் கீழே பச்சௌலியும் சந்தனமும் குந்திரிக்கமும் சாம்பிராணியும் காத்துக் கிடக்கின்றன. ரோஜா சோரச் சோர அவை மேலே வருகின்றன.

பச்சௌலி என்றதும் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உலகத்து வாசனைத் தொழிலில் அன்றாடம் புழங்கும் இச்சொல் தமிழிலிருந்து சென்றது என்று ஆங்கில அகராதிகள் கூறுகின்றன. ‘பச்சை இலை’, ‘பச்சிலை’ என்பதே அதன் மூலம் என்பது பலர் கருத்து. துளசிக்கு உறவான ஒரு செடியின் இலை அது. உலர்த்தி நீராவியில் வடித்தால், மண்ணும் மரமும் கலந்தாற்போன்ற ஆழ்ந்த மணமுள்ள எண்ணெய் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டிலிருந்து ஐரோப்பாவிற்குக் கப்பலேறிய காஷ்மீரச் சால்வைகளின் மடிப்புகளில், பூச்சி அரிக்காமலிருக்க இவ்விலையை இட்டனர். அந்த மணம் வீசினால்தான் உண்மையான இந்தியச் சால்வை என்று அந்நாட்டுப் பெண்மணிகள் கருதும் அளவுக்கு அது பழகிவிட்டது. இன்று இவ்வெண்ணெய் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. இலை வேறிடம் போயிற்று. பெயர் மட்டும் தன் பிறப்பை மறக்கவில்லை.

இன்னொரு சொல்லும் உண்டு. அது வெட்டிவேர். நம் வீடுகளில் பானைத் தண்ணீரில் இட்டும், விசிறியாகப் பின்னியும், புடைவைப் பெட்டியில் வைத்தும் வந்த அதே வேரைப் பிரெஞ்சு வாசனைக் கலைஞர் ‘வெத்திவேர்’ என்றே வழங்குகிறார். இங்கே வடக்கில் அண்டை வீட்டார் அதனைக் ‘கஸ்’ என்கிறார்கள். கோடையில் கஸ் தட்டியை நனைத்துத் தொங்கவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் பெயர் மாறிய பொருள், கடல் கடந்த நாட்டில் நம் பெயராலேயே வழங்குவது விந்தையல்லவா?

நிற்க. நூலிலிருந்து வாசனை பிறப்பது இன்று நேற்றைய வழக்கமன்று. 1919-இல் பாரிஸ் நகரத்துக் கெர்லேன் நிறுவனத்தின் ழாக் கெர்லேன் ‘மித்சுகோ’ என்ற வாசனையை ஆக்கினார். குளோது ஃபரேர் 1909-இல் எழுதிய ‘லா பதாய்’ என்ற நாவலின் தலைவி பெயர் அது. 1905-இல் முடிவுற்ற உருசிய-ஜப்பானியப் போரின் பின்னணியில், ஜப்பானியக் கடற்படை அதிகாரியின் மனைவி ஒருத்தி, ஆங்கிலக் கடற்படை அதிகாரி ஒருவன்மீது கொண்ட மனக்கலக்கத்தைக் கூறும் கதை. அதே கலைஞர் 1933-இல் ‘வோல் த நுயி’ என்ற வாசனையை வெளியிட்டார். ‘இரவுப் பயணம்’ என்று பொருள். தென்னமெரிக்க வானில் இரவு நேரத்தில் அஞ்சல் சுமந்து பறந்த விமானிகளைப் பற்றி, தாமே விமானியான செந்த்-எக்சுபெரி 1931-இல் வெளியிட்ட நாவலின் பெயர். அவ்வாசனைக் குப்பியின் முகப்பிலேயே விமானத்தின் சுழல்விசிறியை நினைவூட்டும் வடிவத்தைச் செதுக்கியிருந்தார்கள்.

மித்சுகோவைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். மணிக்கட்டில் ஓர் இரவில் நடக்கும் மாற்றம் ஒருவகை. நூறு ஆண்டுகளில் குப்பிக்குள்ளேயே நடக்கும் மாற்றம் மற்றொருவகை. மித்சுகோவின் அடிமணத்திற்கு உயிர்நாடி, ஓக் மரங்களின்மேல் படரும் ஒருவகை மரப்பாசி. மழை நனைத்த காட்டின் மணம் அதற்கு உண்டு. ஆனால் அதிலுள்ள இரண்டு பொருள்கள் சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதை மருத்துவர்கள் கண்டனர். வாசனைத் தொழிலின் சர்வதேச அமைப்பு மரப்பாசியின் அளவைக் கடுமையாகக் குறைத்தது. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவ்விரு பொருள்களையும் தடை செய்து விதி இயற்றியது. 2021 முதல் அவை சேர்ந்த அழகுப் பொருள்களை அங்கே விற்க இயலாது. பாசியைக் குறைத்துச் செய்த மித்சுகோவை முகர்ந்த பழைய அன்பர்கள், “பெயர் இருக்கிறது, ஆள் இல்லை” என்று வருந்தினார்கள். 2008-இல் கெர்லேனின் வாசனைக் கலைஞரான தியரி வாசர், தீங்கு செய்யும் பகுதியை நீக்கிய பாசியைக் கொண்டு பழைய மணத்தை மீட்க முயன்றார். பெரிதும் மீண்டது என்பார் உளர். இல்லை என்பாரும் உளர்.

பழைய மணங்கள் அடியோடு அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே 1990-இல் வெர்சேல்ஸ் நகரில் ‘ஓஸ்மோதேக்’ என்னும் வாசனைக் காப்பகம் நிறுவப்பட்டது. நூல்களுக்கு நூலகம் போல வாசனைகளுக்கு அது. காற்றிலுள்ள பிராணவாயு பட்டுக் கெடாதபடி குப்பிகளில் ஆர்கான் வாயுவை நிரப்பி, இருட்டில், 12 பாகை வெப்பத்தில் பாதுகாக்கிறார்கள். கடைகளிலிருந்து மறைந்துபோன வாசனைகளையும் பழைய செய்முறைப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே சென்றால் அத்தகைய பழைய வாசனைகளை முகரலாம். ஆனால் அவற்றை வாங்கிக்கொண்டு வர முடியாது.

பல ஆண்டுகளுக்குப் பின் சொந்த ஊருக்குச் சென்று வந்த அன்பர்களுக்கு இந்த வருத்தத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. தெருவின் பெயர் இருக்கும், திண்ணை இராது. ஆனாலும் கோயிற் பிரகாரத்தில் கால் வைத்தவுடன், எண்ணெயும் கற்பூரமும் ஈரக் கல்லும் சேர்ந்த அந்த மணம், “வா” என்று அழைக்கும். தலைமணமும் நடுமணமும் போனபின் நிற்கும் அடிமணம் அதுதான்.

இனி, வாசனை வாங்க எண்ணும் இல்லத்தார்க்குச் சில குறிப்புகள்.

கடையில் முகர்ந்த அக்கணமே வாங்கிவிடாதீர்கள். ஒரு துளி தடவிக்கொண்டு வீட்டிற்கு வந்துவிடுங்கள். மாலையிலும் மறுநாட் காலையிலும் முகர்ந்து பார்த்த பின்னர் முடிவு செய்யுங்கள். விலையுயர்ந்தவற்றுக்கு மாதிரிக் குப்பி கிடைக்கும். முதலில் அதையே வாங்குங்கள். ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு களைத்துவிடும். பூசிக்கொண்டவருக்குச் சிறிது நேரத்தில் தம் வாசனை தெரியாமற் போவது இயல்பு. மறைந்துவிட்டதென்று எண்ணி மேலும் மேலும் பூசினால், பேருந்தில் அருகே அமர்ந்தவர் பாடு திண்டாட்டமாகும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நலம். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் அவரைக் கேட்டுக்கொண்டே பூச வேண்டும். பட்டுப் புடைவையின்மேல் நேரே தெளித்தால் கறை படியும். கைக்குட்டையில் இட்டு உள்ளே வைத்துக்கொள்ளலாம். வெயிலும் வெப்பமும் வாசனைக்குப் பகை. வடநாட்டுக் கோடையில் சன்னலோரக் கண்ணாடி மேசையின்மேல் குப்பியை வைக்காதீர்கள். பீரோவின் இருட்டே அதற்குத் தகுந்த இடம்.

கனௌஜ் அத்தரும் பாரிஸ் சென்ட்டும் ஒன்றையொன்று வெல்ல வந்தவை அல்ல என்பதையும் நம் நண்பருக்குச் சொல்லிவைக்கிறோம். அத்தர், செப்புப் பாத்திரத்தில் மலர்களை நீரிலிட்டுக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி எடுக்கும் பழைய முறை. சாராயம் சேர்வதில்லை, ஆகவே முதற்கணத்து ஆரவாரம் அதில் இராது. தோலோடு ஒட்டி அடக்கமாகப் பேசும். சென்ட்டோ முதலில் உரக்கப் பேசிப் பிறகு தணியும். இரண்டையும் பொறுமையுடன் கேட்பவரே இரசிகர்.

மறுநாட் காலை எட்டு மணிக்கு நம் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவள் நண்பரின் மகள்.

விடியற்காலையில் டிகாக்ஷன் போட எழுந்த அம்மையார், குளிருக்காகச் சால்வையை இழுத்துப் போர்த்தியிருக்கிறார். போர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார். கிராம்பு இல்லை, பழம் இல்லை, ரோஜாவும் அநேகமாக இல்லை. சால்வையின் ஓரத்தில் எஞ்சியிருந்தது சாம்பிராணியும் சந்தனமும் பச்சிலையும் கலந்த மெல்லிய புகை மணம். உறங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பி, “வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு எங்கம்மா கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் தலைமயிரை விரித்துப் புகை போட்டுக்கொள்வாளே, அந்த மணமடி இது!” என்று கூறியிருக்கிறார்.

அம்மையார் மணமாகித் தலைநகருக்கு வந்த சில ஆண்டுகளில் அவருடைய தாயார் ஊரில் காலமானார். தந்தி வந்து, இரண்டு இரவுகள் இரயிலில் சென்று சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லையாம். அன்று காலை அடுக்களையில் உட்கார்ந்து, காப்பி ஆறிப்போகும் வரையில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாராம். பேச்சின் முடிவில், அந்த நாவலின் கதையை மறுபடியும் சொல்லச் சொன்னாராம். இசபெல் தடையை மீறிப் புறப்பட்டு, ரால்பின் உயிர் பிரியுமுன் போய்ச் சேர்ந்த இடம் வந்ததும், “அவளாவது நேரத்திற்குப் போய்ச் சேர்ந்தாளே” என்றாராம்.

“பெரிய குப்பி வாங்கலாமா என்று கேட்டாயா?” என்றோம்.

“கேட்டேன். வேண்டாம், இந்தச் சின்னக் குப்பியை இங்கேயே வைத்துவிட்டுப் போ, போதும் என்கிறாள் அம்மா. அடுத்த மாதம் ஊருக்குப் போய்வர எனக்கும் அவளுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.”

சேர்த்த பணம் வீண்போகவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பீரோவிலும் இப்படி ஏதேனும் ஒரு மணம் இருக்கக்கூடும். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதலில் சொல்வது தலைமணம்தான். சற்றே பொறுத்திருந்தால் மீதமும் வரும். கேட்டதை நமக்கும் எழுதுங்கள். இடமிருக்கும் அளவுக்கு இப்பகுதியில் வெளியிடுவோம்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.